பழைய ஜாக்பொட் மெஷினின் வயரிங் படத்தை வாசிக்கப் பழகுதல்

லண்டனிலிருந்து சித்தப்பா மகன் அனுப்பிய பெட்டிகளில் ஒன்று மட்டும் இரண்டு பேர் பிடித்தும் அசைய மறுத்தது. ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து உடைத்தபோது உள்ளே ஒரு ஜாக்பொட் மெஷின், காசு போட்டுக் கைப்பிடியை இழுத்து ஆடும் சூதாட்டப் பெட்டி. பக்கத்தில் கைப்பிடி, முன்னால் பழப் படங்களோடு சுழலும் மூன்று ரீல், அடியில் காசு விழும் தட்டு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தருமர் நாட்டை வச்சுத் தோத்த சாமானையா மனே வீட்டுக்குள்ள ஏத்துறாய்?" என்றார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்கு வருடம் தவறாமல் போகிறவர் வேறு எப்படிக் கேட்பார்!

நல்லவேளை, இந்த மெஷின் விழுங்குவது பழைய பிரித்தானிய ஆறு பென்ஸ் காசை மட்டும்தான். அந்தக் காசு 1980இலேயே புழக்கத்திலிருந்து போய்விட்டது. மெஷினோடு ஒரு சுருக்குப் பையில் முப்பது காசும் வந்தது. எந்த ஊரிலும் செல்லாத காசை வைத்து யாரும் எதையும் தோற்க முடியாது என்று சொல்லித்தான் அதற்கு விறாந்தையில் இடம் வாங்கினேன்.

ஆனால் மெஷின் ஓடவில்லை. பின்கதவுக்குள் ஒரு பழுப்பு உறையில் வயரிங் படம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேசை போதாமல் பாயை விரித்துத் தரையில் போட்டேன். வானொலிப் பெட்டி திருத்திப் பழகிய எனக்கே கண் இருட்டியது. அதை வாசிக்கப் பழக ஒரு மாதம் போனது. இப்படி ஒன்று கைக்கு வந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவருக்கு அந்த மாதத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கலாம்.

உங்கள் மெஷினுக்கு வயரிங் படம் உண்டா?

இதை முதலில் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் சார்ல்ஸ் ஃபே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த 'லிபர்ட்டி பெல்' தொடங்கி நெடுங்காலம் இந்த மெஷின்கள் ஸ்பிரிங்கும் நெம்புகோலும் பற்சில்லும்தான். மின்சாரம் இருந்தாலும் பெரும்பாலும் விளக்கெரிக்கத்தான். 1963இல் அமெரிக்காவின் பாலி நிறுவனம் 'மணி ஹனி' என்ற மெஷினை உருவாக்கிய பிறகு கதை மாறியது. ரீலைச் சுற்ற வைப்பது கைப்பிடிதான். ஆனால் வென்றதா தோற்றதா என்று பார்ப்பதும் காசைக் கொட்டுவதும் மின்சாரத்தின் வேலை. 'ஹொப்பர்' என்ற காசுத்தொட்டி ஆளின் உதவி இல்லாமல் 500 காசு வரை கொடுத்தது. அதற்குப் பிறகு 1970களின் இறுதி வரை வந்தவற்றில் பெரும்பாலானவை றிலே (சுருளில் கரண்ட் பாய்ந்ததும் சுவிச்சுகளை இழுத்து மாற்றும் சாமான்), சுருள், மோட்டர் என்று ஓடின. பிறகு மைக்ரோபுரோசசர் வந்தது; அது வேறு உலகம். நான் சொல்வது நடுவில் நிற்கும் அந்த றிலே பரம்பரைக்கு.

படம் உங்கள் மெஷினுக்கு உரியதுதானா என்றும் பார்க்க வேண்டும். பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் பல மாடல்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் வயரிங் வேறு. மெஷினில் ஆணியடித்த தகட்டில் உள்ள மாடல் இலக்கமும் படத்தின் மூலையில் உள்ள இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். தகடு போய்விட்டதென்றால் ஒரு சின்ன வழி: படத்தில் எத்தனை றிலே, எத்தனை ஃபியூஸ் என்று எண்ணுங்கள், பிறகு மெஷினில் எண்ணுங்கள். கணக்கு இடித்தால் வேறு படம் தேடுங்கள்.

மூலப்படத்தில் பேனா வைக்க வேண்டாம். ஐம்பது அறுபது வருடக் கடதாசி, மடிப்பிலேயே உதிர்ந்துவிடும். நகரத்தில் வீட்டுப் பிளான் அச்சடித்துக் கொடுக்கும் கடைகளில் பெரிய தாளிலேயே பிரதி எடுக்கலாம். இரண்டு எடுங்கள், ஒன்று கிறுக்க, ஒன்று சுவரில் ஒட்ட. நான் முதலில் காசை மிச்சம் பிடிக்கப்போய் சின்னத் தாள்களாகப் போட்டோக் கொப்பி எடுத்து ஒட்டினேன். ஒட்டிய இடத்தில் ஒரு கோடு பக்கத்துக் கோட்டோடு சேர்ந்துவிட்டது. இல்லாத ஒரு வயரைத் தேடி இரண்டு இரவு போனது.

கரண்ட் கொடுப்பதற்கு முன்

பிளக் கழற்றிய நிலையில்தான் முக்கால்வாசி வேலையும் நடக்கும். ஆனாலும் மெயின்ஸ் பக்கத்தை, அதாவது வீட்டுக் கரண்ட் நேரே ஏறும் பக்கத்தை, முதலில் சரிபார்ப்பது நல்லது, ஏனென்றால் ஆளைக் கொல்லக்கூடியது அதுதான்.

நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவுக்காகச் செய்த மெஷின் ஏறத்தாழ 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் கேட்கும். அதற்கு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஒற்றைச் சுருள் வகை. வோல்டைக் குறைக்கும், ஆனால் மெயின்ஸிலிருந்து பிரிக்காது. தனித்தனி இரண்டு சுருள் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகும் கவனம் வேண்டும்: பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் நடக்கும் கசிவு வீட்டு ட்ரிப் சுவிச்சின் கண்ணுக்குத் தெரியாது. ஹேர்ட்ஸை இவை எதுவும் மாற்றுவதில்லை. 60க்குச் செய்த ட்ரான்ஸ்போமர் நம்முடைய 50இல் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். ஹேர்ட்ஸைப் பின்பற்றி ஓடும் டைமர் மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பிரித்துப் போட வேண்டாம்.

நிறத்தில்தான் நான் சறுக்கினேன். நம் பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். புதிய வயரில் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். அமெரிக்க வழக்கத்திலோ கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்ரல். என் மெஷின் பிரித்தானியாவுக்காக 240 வோல்டில் செய்யப்பட்டது, ஆனால் செய்த இடம் அமெரிக்கா. பிளக் வயரை யாரோ வெட்டியிருந்தார்கள். புது வயர் போடும்போது உள்ளே கறுப்பைக் கண்டதும் கை தானாகவே அதை நியூட்ரலில் கொடுத்துவிட்டது. மெஷின் விளக்கு எரிந்தது, சுவிச்சை நிறுத்தினால் அணைந்தது. எல்லாம் சரிபோலத் தெரிந்ததுதான் ஆபத்து. சுவிச்சும் ஃபியூஸும் நியூட்ரல் பக்கம் போய்விட்டதால், அணைத்த பிறகும் உள்ளே முழுக் கரண்ட் நின்றது.

கண்டுபிடித்தவர் காத்தான்குடியில் மோட்டர் சுருள் சுற்றும் ஒரு நானா. "சூதுக்கெண்டா கை வைக்க மாட்டன் தம்பி, மணிக்கூடு மாதிரிப் பாக்கிறதெண்டா வாறன்" என்று சொல்லி வந்தவர், எதையும் தொடும் முன் டெஸ்டரை வைத்தார். அணைத்த மெஷினில் டெஸ்டர் மினுங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஏர்த் வயர் கட்டாயம். இரண்டு வயரோடு வந்த மெஷினாக இருந்தால் மூன்றாவது வயரைப் போட்டு இரும்புச் சட்டத்தோடு திருகி இறுக்குங்கள். கதவும் இரும்பென்றால் அதற்கும் ஒரு தொடுப்புக் கொடுங்கள், கீலை நம்பக் கூடாது. முதன்முதலில் கரண்ட் கொடுக்கும்போது லைவ் வயரில் ஒரு 60 அல்லது 100 வோட் இழை பல்பைத் தொடராகப் போட்டுக் கொடுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷோர்ட். மங்கலாக எரிந்தால் மேலே போகலாம். எல்.ஈ.டி பல்ப் இதற்கு உதவாது.

தூங்கும் மெஷின்

மெயின்ஸைச் சரிசெய்துவிட்டு நானாவும் நானும் படத்தின் முன்னால் உட்கார்ந்தோம். அவருக்கு இந்த மெஷின் புதிது, ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் படம் பார்த்துப் பழகியவர். அவர் சொன்னது இது: "தம்பி, படத்தில மெஷின் தூங்குது. தூங்குற ஆள்ற கையும் காலும் எங்க கிடக்குதெண்டு முதல்ல பாருங்க. மறுகா எழுப்புவம்."

படத்தை வாசிப்பதில் பாதி இதுதான். படத்திலுள்ள சுவிச் ஒவ்வொன்றும் மெஷின் ஓய்வில் இருக்கும் நிலையில் வரையப்பட்டிருக்கும்: கரண்ட் இல்லை, காசு போடவில்லை, கைப்பிடி மேலே, றிலே எதுவும் இழுக்கவில்லை. எந்த நிலையை ஓய்வு என்று எடுத்தார்கள் என்பது மூலையில் சிறு எழுத்தில் இருக்கும், அதைத் தவறாமல் வாசியுங்கள். கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுகூட அங்கே இருக்கலாம். பெரிய விஷயம்தான், கதவைத் திறந்துகொண்டு சோதிக்கிறவருக்கு கதவுச் சுவிச் எப்போதும் பொய் சொல்லும்.

இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, வலது ஓரத்தில் இன்னொன்று. ஏணியின் இரண்டு கால்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரான்ஸ்போமரின் ஒரு முனை ஒரு காலில், மறு முனை மற்றக் காலில். நடுவில் படிகள். ஒவ்வொரு படியிலும் சில சுவிச்சுகள், கடைசியில் வேலை செய்கிற ஒரு பொருள்: சுருள், பல்ப் அல்லது மோட்டர். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு இடைவெளியில்லாமல் வழி கிடைத்தால் அந்தப் பொருள் வேலை செய்யும். ஒரே படத்தில் இரண்டு மூன்று ஏணிகள் இருக்கலாம். பல்புக்கு 6 வோல்ட் ஏணி, றிலேச் சுருளுக்கு 24 அல்லது 50 வோல்ட் ஏணி, ஹொப்பர் மோட்டருக்கு மெயின்ஸ் என்று பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் பென்சிலால் கால்களை மட்டும் தீட்டுங்கள். மெயின்ஸுக்கு நான் சிவப்பு வைத்திருக்கிறேன்.

குறிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒரு நாளில் பழகிவிடும். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் 'ஆளி' என்று படித்த அதே சுவிச்தான். தகடு வரைந்து, தொட்டுக்கொண்டிருந்தால் மூடியது, இடைவெளி தெரிந்தால் திறந்தது. சில படங்களில் பக்கத்துப் பக்கமாக இரண்டு குட்டிக் கோடு போட்டிருப்பார்கள். வானொலி திருத்துகிறவருக்கு அது கப்பாசிற்றர் போலத் தெரியும், இங்கே அது திறந்த சுவிச். அதன் மேல் குறுக்காக ஒரு கோடு விழுந்தால் மூடிய சுவிச். மூன்று தகடு இருந்தால் நடுத்தகடு ஒன்றை விட்டு மற்றதைத் தொடும். இரண்டு கோடு வெட்டும் இடத்தில் புள்ளி இருந்தால்தான் இணைப்பு. புள்ளியா, கடதாசியில் இருந்த பூச்சியின் எச்சமா என்று மூலப்படத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிரதியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

புதியவர் தலையைப் பிய்த்துக்கொள்வது றிலேயில்தான். ஒரு றிலேயின் சுருள் படத்தின் மேல் மூலையில் இருக்கும். அந்தச் சுருள் இழுக்கும் நாலைந்து சுவிச்சுகள் படமெங்கும் சிதறிக் கிடக்கும். அப்பா ஊரில், பிள்ளைகள் கட்டாரிலும் கனடாவிலும் இருப்பது மாதிரி. எல்லோருக்கும் பெயருக்கு முன்னால் ஒரே முதலெழுத்து இருக்கும், அதை வைத்துத்தான் குடும்பத்தைப் பிடிக்க வேண்டும். சுருளுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தையோ இலக்கத்தையோ எடுத்து, அதே குறி உள்ள சுவிச்சுகளை எல்லாம் ஒரே நிறத்தால் வட்டமிடுங்கள். பிறகு மெஷினில் அந்த றிலேயை விரலால் அழுத்தி, எத்தனை தகடுகள் அசைகின்றன என்று எண்ணுங்கள். படத்தில் ஐந்து, மெஷினில் நாலு என்றால் ஒன்றை இன்னும் நீங்கள் காணவில்லை.

ஒரு காசின் பயணம்

முழுப்படத்தையும் விளங்கிக்கொண்டுதான் தொடங்குவேன் என்றால் தொடங்கவே மாட்டீர்கள். ஒரு வேலையை மட்டும் எடுங்கள். நான் எடுத்தது, காசு போட்டதும் கைப்பிடி விடுபடும் வேலை. என் மெஷினில் காசு உள்ளே போகும்போது ஒரு 'டிக்' கேட்கும், ஆனால் கைப்பிடி பூட்டியபடியே நிற்கும்.

படத்தில் காசு றிலேயின் சுருளைத் தேடிப் பிடித்தேன். சுருளின் ஒரு முனை நேரே வலது காலுக்குப் போகிறது. மறு முனைக்கு இடது காலிலிருந்து இரண்டு வழிகள். முதல் வழியில் ஒரே ஒரு திறந்த சுவிச். காசு உருண்டு போகும்போது கண்ணிமைக்கும் நேரம் மூடித் திறக்கும். இரண்டாவது வழியில் இரண்டு சுவிச்சுகள்: காசு றிலேயின் சொந்தச் சுவிச் ஒன்று, அது திறந்தது, கைப்பிடிச் சுவிச் ஒன்று, அது மூடியது.

தன் சுருளுக்குத் தானே கரண்ட் கொடுக்கும் சுவிச் எதற்கு? காசைப் போட்டு, மெஷினை எழுப்பிப் பாருங்கள். காசு முதல் வழியை ஒரு கணம் மூடுகிறது. சுருள் இழுக்கிறது. இழுத்ததும் அதன் சொந்தச் சுவிச் மூடிக்கொள்கிறது. இப்போது காசு போய்விட்டாலும் இரண்டாவது வழியாகக் கரண்ட் வந்துகொண்டே இருக்கும், றிலே பிடித்த பிடியை விடாது. கைப்பிடியை இழுத்தால்தான் கைப்பிடிச் சுவிச் திறந்து வழி அறுகிறது, றிலே விழுகிறது, அடுத்த காசுக்குக் காத்திருக்கிறது. இந்தத் தாங்குவழியை ஒரு தடவை விளங்கிக்கொண்டால் படத்தில் பத்து இடத்தில் அதைக் காண்பீர்கள். காசு கொட்டும் பகுதியும் இப்படித்தான் நினைவு வைத்துக்கொள்கிறது.

இனிக் கோளாறு தானாகவே சிக்கும். காசு போட்டும் 'டிக்' சத்தமே இல்லையென்றால் பிழை முதல் வழியில், அல்லது சுருளில், அல்லது ஃபியூஸில். 'டிக்' கேட்டு உடனே விட்டுவிட்டால் முதல் வழியும் சுருளும் நல்லவை, பிழை தாங்குவழியில். 'டிக்' கேட்டு றிலே பிடித்தபடி நின்றும் கைப்பிடி விடுபடவில்லையென்றால், கைப்பிடிப் பூட்டை இழுக்கும் சுருளின் படிக்குப் போக வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை. நூற்றுக்கணக்கான சுவிச்சுகள் இருந்த படத்தில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டாகச் சுருங்கின.

பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீற்றரை 'பீப்' நிலையில் வைத்து கைப்பிடிச் சுவிச்சைப் பார்த்தேன். படத்தின்படி அது ஓய்வில் மூடியது, ஆகவே பீப் அடிக்க வேண்டும். அடித்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: மீற்றருக்கு நீங்கள் நினைக்கும் வழி தெரியாது. ஏதாவது பல்ப் வழியாகவோ சுருள் வழியாகவோ சுற்றிப் போய் வந்தும் பீப் அடிக்கும். ஆகவே சுவிச்சின் இரண்டு தகடுகளுக்கு நடுவே கடதாசித் துண்டொன்றைச் செருகி இன்னொரு முறை பாருங்கள். இப்போதும் பீப் அடித்தால் கரண்ட் வேறு வழியால் போகிறது. ஒரு பக்க வயரைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். எனக்குக் கடதாசி வைத்ததும் சத்தம் நின்றது, ஆகவே கைப்பிடிச் சுவிச் நல்லது. மிஞ்சியது காசு றிலேயின் சொந்தச் சுவிச். விரலால் அழுத்தி மூடியும் சத்தமில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் தொடும் முனையில் பச்சைக் களிம்பு.

நம் ஊரில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கார்த்திகை மழை தொடங்கினால் தை வரை வீட்டுக்குள் எதுவும் காயாது. பித்தளைத் தகடெல்லாம் பச்சை பிடிக்கும். களிம்பைக் கண்டதும் அரத்தாளை எடுக்கும் ஆட்கள் உண்டு, அது மேலே உள்ள வெள்ளிப் பூச்சையும் சேர்த்து உரித்துவிடும். பழைய கல்யாண அழைப்பிதழ் அட்டையில் ஒரு கீற்று வெட்டி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்து, தகடுகளை மெல்ல மூடிப் பிடித்து இழுங்கள். கீற்று அழுக்கில்லாமல் வரும் வரை. எறும்புக்கூடும் செத்த பல்லியும் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம், என் ஹொப்பருக்குள் இரண்டும் இருந்தன.

ரீல்களும் பிளக்குகளும்

ரீலில் பெரும்பாலும் 20 இடங்கள். மூன்று ரீல் என்றால் 8,000 சேர்க்கைகள். அத்தனையையும் சோதிக்க வேண்டாம். ஒவ்வொரு ரீலுக்கும் பக்கத்தில் ஒரு வட்டத்தட்டும் அதைத் தடவும் உலோக விரல்களும் இருக்கும்; எந்தப் பழத்தில் நிற்கிறதோ அந்தப் பழத்துக்குரிய விரலுக்கு இணைப்புக் கிடைக்கும். படத்தில் மூன்று ரீலின் விரல்களும் ஒரே படியில் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள்: மூன்றும் ஒரே பழத்தில் மூடினால்தான் பரிசு றிலேக்கு வழி. ஒரு கொப்பியில் 20 வரி போட்டு, ரீலைக் கையால் ஒவ்வொரு இடமாக நகர்த்தி, எந்த விரலில் பீப் என்று எழுதுங்கள். ரீல் ஒன்றுக்கு அரை மணித்தியாலம். 60 வரி எழுதிய பிறகு பிழையான இடம் தானே துருத்திக்கொண்டு நிற்கும்.

மோட்டரோடு சுற்றும் மேடுபள்ளத் தட்டு தள்ளித் திறந்து மூடும் கேம் சுவிச்சுகளுக்குப் படத்தின் ஓரத்தில் தனி அட்டவணை இருக்கும். எது எப்போது மூடும் என்று கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். பஸ் நேர அட்டவணை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

வயர் நிறங்கள் படத்தில் இரண்டிரண்டாக, எழுத்தாகவோ இலக்கமாகவோ இருக்கும். முதலாவது வயரின் நிறம், இரண்டாவது அதன் மேல் ஓடும் கோட்டின் நிறம். எந்த எழுத்து எந்த நிறம் என்பதை அந்தப் படத்தின் மூலையிலேயே பாருங்கள், ஒரு நிறுவனத்தின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது. படத்தில் இல்லாத நிறத்தில் ஒரு வயர் ஓடினால், முன்பு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

பல முள் பிளக்கில் ஒரு கண்கட்டு உண்டு. முன்னாலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக எண்ணும் முள், வயர் ஏறும் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாக வரும். 3ஆம் முள்ளைச் சோதிக்கிறேன் என்று வேறு முள்ளில் மீற்றரை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க நின்றிருக்கிறேன். பிளக்கின் இரண்டு பக்கமும் 1 என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

பல்ப் வாங்கும்போது ஒரு சொல். 44 என்ற இலக்கத்து 6.3 வோல்ட் பல்ப் 0.25 அம்பியர் இழுக்கும். அதே இடத்தில் பொருந்தும் 47 இலக்கம் 0.15 அம்பியர்தான். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் பழைய கண்ணாடியும் ட்ரான்ஸ்போமரும் குறைவாகச் சுடும். நான் 47தான் போட்டிருக்கிறேன்.

கண்டுபிடித்த ஒவ்வொரு கோளாறையும், மாற்றிய ஒவ்வொரு வயரையும் கிறுக்கும் பிரதியில் திகதியோடு குறித்து, மூலப்படம் இருந்த உறைக்குள்ளேயே வையுங்கள்.

என் மெஷினில் இன்னும் ஒன்று பாக்கி. ஐந்து காசு கொடுக்க வேண்டிய இடத்தில் ஆறு கொடுக்கிறது. ஹொப்பர் வாயில் காசை எண்ணும் சுவிச் முதல் காசைத் தவற விடுகிறது என்றுதான் படம் சொல்கிறது, வருகிற சனிக்கிழமை பிரிப்பதாக இருந்தேன். அம்மா விடவில்லை. "அதை மட்டும் திருத்தாம விடு மனே" என்கிறார்.